ட்ரூயிட்ஸ் வளைவில் எந்தக் கியர்? – வாசகர் கேள்வி பதில்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் கியர்பாக்ஸைப் பந்தயத் தடத்துக்கு ஏற்ப மாற்றுவது குறித்து இங்கிலாந்தில் வாழும் வாசகர்கள் சிலர் எழுதிக் கேட்டிருந்தனர். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1966ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் உள்ளது. சென்ற குளிர்காலத்தில் எஞ்சினைப் பிரித்துக் கேம் ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) மாற்றினோம். சிலிண்டர் ஹெட்டிலும் வேலை செய்தோம். இப்போது நிமிடத்துக்கு 4,500 சுற்றிலிருந்து 6,800 சுற்று வரை எஞ்சின் நன்றாக இழுக்கிறது. அதற்குக் கீழே சோர்ந்துவிடுகிறது. பிராண்ட்ஸ் ஹேட்ச் குறுந்தடத்தில் ட்ரூயிட்ஸ் கொண்டை ஊசி வளைவை இரண்டாம் கியரில் எடுத்தால், வெளியே வந்த சற்று நேரத்தில் சுற்று உச்சத்துக்குப் போய்விடுகிறது. மூன்றாம் கியரில் எடுத்தால் காருக்கு உயிரே இல்லை. பின் ஆக்சிலின் கிரவுன் பினியனை (சக்கரங்களுக்கு விசையைத் திருப்பும் கடைசிப் பற்சக்கர ஜோடியை) மாற்றினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். நெருக்கமான விகிதங்கள் உள்ள கியர் தொகுதிதான் தீர்வு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
— வாசகர், லெஸ்டர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடைக்குத் தேவையான இரண்டு எண்கள் இருக்கின்றன. 4,500ஐ 6,800ஆல் வகுத்தால் 0.66 வருகிறது. 6,800 சுற்றில் கியர் மாற்றும்போது அடுத்த கியரில் சுற்று 4,500க்குக் கீழே விழக் கூடாதென்றால், அடுத்த கியரின் விகிதம் (பெட்டியின் வெளித்தண்டு ஒரு முறை சுழல எஞ்சின் எத்தனை முறை சுழல வேண்டும் என்ற எண்) முந்தைய கியரின் விகிதத்தில் 0.66 பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கியர்பாக்ஸில் கைவைப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தம் எஞ்சினுக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. பலர் பெட்டியை வாங்கிய பிறகு போடுகிறார்கள்.

1966ஆம் ஆண்டுக் காரில் இருப்பது முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர் மாறும்போது வேகங்களைச் சமப்படுத்தும் வளையம்) இல்லாத பழைய நான்கு வேகப் பெட்டி. நான்கு கியர்களுக்கும் சிங்க்ரோ உள்ள பெட்டி 1967ஆம் ஆண்டின் இறுதியில்தான் வந்தது. உங்கள் பெட்டியின் விகிதங்கள் முறையே 3.64, 2.21, 1.37, 1.00. முதலிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகும்போது பங்கு 0.61, இரண்டிலிருந்து மூன்றுக்கு 0.62; மூன்றிலிருந்து நான்குக்கு 0.73. சுற்றுக் கணக்கில் சொன்னால், 6,800இல் இரண்டாம் கியரை விடுகிறீர்கள், மூன்றாம் கியர் உங்களை ஏறத்தாழ 4,200இல் ஏற்றுக்கொள்கிறது. அங்கே உங்கள் கேம் ஷாஃப்ட் இன்னும் விழித்தெழவில்லை. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது 4,950க்கு மேல் நிற்கிறது, அதில் குறையொன்றும் இல்லை. முதலுக்கும் இரண்டுக்கும் இடையிலான பள்ளம் பந்தயத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் குறுக்கிடும். ஆக, உங்கள் தொல்லை முழுவதும் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவிலுள்ள ஒரே ஒரு பள்ளம்தான்.

இப்போது முதல் நண்பரின் யோசனைக்கு வருவோம். உங்கள் ஆக்சிலின் விகிதம் 43க்கு 11, அதாவது 3.909. டாப் கியரில் ஆயிரம் சுற்றுக்கு மணிக்கு ஏறத்தாழ 28.8 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். ட்ரூயிட்ஸில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டால், இரண்டாம் கியரில் 5,400 சுற்றும் மூன்றாம் கியரில் 3,300 சுற்றும் ஓடும். அங்கிருந்து இரண்டாம் கியர் 88 கிலோமீட்டர் வேகத்தோடு முடிந்துபோகிறது. கிரவுன் பினியனை 4.3 விகிதத்துக்கு மாற்றினால் மூன்றாம் கியரில் அதே வளைவு 3,650 சுற்றுக்கு ஏறும், 4.55க்கு மாற்றினாலும் 3,900ஐத் தாண்டாது. ஆக்சில் எல்லாக் கியர்களையும் ஒரே அளவில் நகர்த்துகிறதே தவிர, கியர்களுக்கு இடையிலான பள்ளத்தை ஒரு மயிரிழைகூடச் சுருக்குவதில்லை. எனவே முதல் நண்பர் சொன்னது மட்டும் போதாது.

இரண்டாம் நண்பர் சொன்னதும் தனியாகப் போதாது என்பதுதான் பலர் எதிர்பாராத செய்தி. கணக்குக்காக 2.50, 1.66, 1.24, 1.00 என்றொரு நெருக்கமான தொகுதியை எடுத்துக்கொள்வோம். பங்குகள் 0.66, 0.75, 0.81 என்று அழகாக அமைகின்றன. 6,800இல் மாற்றினால் மூன்றாம் கியரில் 5,080 சுற்றும் நான்காம் கியரில் 5,480 சுற்றும் கையில் இருக்கும். ஆனால் பழைய 3.909 ஆக்சிலோடு இதைப் பூட்டினால், உயரமாகிவிட்ட (விகித எண் சிறுத்தால் கியர் உயரம், பெருத்தால் தாழ்வு என்போம்) இரண்டாம் கியரில் ட்ரூயிட்ஸ் வளைவு 4,050 சுற்றுக்குக் கீழே இறங்கிவிடும். பணம் செலவழித்த பிறகும் அதே வளைவில் அதே சோர்வு. இந்தத் தொகுதியோடு 4.3 ஆக்சிலைச் சேர்த்தால் வளைவில் 4,430 சுற்று கிடைக்கிறது. இரண்டாம் கியர் 107 கிலோமீட்டர் வரையிலும், மூன்றாம் கியர் 143 வரையிலும், நான்காம் கியர் 178 வரையிலும் நீள்கிறது. இரண்டு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான அந்தக் குறுந்தடத்துக்கு அது தாராளம். இரு நண்பர்களும் பாதிப் பாதி சரி. இரு வேலைகளையும் ஒரே திட்டமாகச் செய்ய வேண்டும்.

இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. 1966ஆம் ஆண்டு ரோட்ஸ்டரில் பழைய பான்ஜோ வகை ஆக்சில் இருக்க வேண்டும். முன்னால் யாரும் மாற்றியிருக்கவில்லை என்பதைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த வகையில் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் அமைப்பு) முழுவதும் ஒரு தாங்கியோடு சேர்ந்து முன்பக்கமாகக் கழன்று வரும். கிரவுன் பினியனின் இடைவெளியை மேசையில் வைத்தே நிதானமாகச் சரிசெய்துகொண்டு, பூட்டுவதை ஒரு நாளில் முடித்துவிடலாம். பின்னாளில் வந்த குழாய் வகை ஆக்சிலில் உறையையே சற்று விரித்துத்தான் டிஃபரன்ஷியலை எடுக்க வேண்டும். எனவே உங்களைப் போன்றவர்கள் இரண்டு தாங்கிகளை வைத்துக்கொண்டு, தடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது நடைமுறையில் சாத்தியமே. சில்வர்ஸ்டோனின் நீண்ட தடத்துக்குப் போகும்போது உயரமான விகிதம் உங்களுக்குத் தேவைப்படும்.

எந்தத் தடம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. 1963ஆம் ஆண்டு பிரான்ஸின் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பேடி ஹாப்கர்க்கும் ஆலன் ஹட்சிசனும் ஓட்டிய எம்ஜிபி, மூல்சான் வளைவின் மணலில் புதைந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தை இழந்தது. ஹட்சிசன் அதை மணலிலிருந்து தோண்டித்தான் மீட்டார். அப்படியிருந்தும் 12ஆம் இடத்தில் முடித்துத் தன் வகுப்பில் முதலாவதாக வந்தது. அங்கே ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நேர்ப்பாதை இருந்தது. அந்தப் பாதையில் உங்கள் 4.3 ஆக்சிலைப் போட்டிருந்தால் தடத்தைச் சில முறை சுற்றுவதற்குள் எஞ்சின் கதறியிருக்கும்.

கேள்வி: நேர்ப்பல் கியர்கள் சாய்பல் கியர்களைவிட வலிமையானவை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு என்ன காரணம்? டாக் கியர் என்பதும் அதுவும் ஒன்றுதானா? நான் காரைத் தடத்துக்கு ஓட்டிக்கொண்டே போய் வருபவன்.
— வாசகர், ஸ்லவ்

பதில்: எல்லோரும் சொல்வதில் பாதிதான் உண்மை. நேர்ப்பல் என்பது தண்டுக்கு இணையாக வெட்டிய பல்; சாய்பல் என்பது சாய்வாக வெட்டியது. ஒரே அகலமும் ஒரே உலோகமும் கொண்ட இரு சக்கரங்களை ஒப்பிட்டால், சாய்பல்லில் ஒரே நேரத்தில் அதிகப் பற்கள் சுமையைப் பகிர்கின்றன. பல் வலிமையில் அது தாழ்ந்ததே அல்ல. நேர்ப்பல்லின் உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. சாய்பற்கள் ஒன்றையொன்று தள்ளும்போது விசையின் ஒரு பகுதி தண்டின் நீளவாக்கில் பாய்ந்து, தண்டை முன்னும் பின்னும் நெட்டுகிறது. அந்த நெட்டலை பேரிங்குகளும் பக்க வாஷர்களும் பெட்டியின் உறையும் தாங்க வேண்டியிருக்கிறது. நேர்ப்பல்லில் அந்த நெட்டல் இல்லை. உராய்விலும் கொஞ்சம் மிச்சமாகிறது. பந்தயத்துக்கென்று செய்யப்படும் நேர்ப்பல் தொகுதிகள் உறுதியாக இருப்பதற்கு, அவற்றின் எஃகும், வெப்பப் பதமும், பல்லின் தடிப்பும்தான் பெரும்பாலும் காரணம்.

சத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். நேர்ப்பல் தன் முழு அகலத்திலும் ஒரே கணத்தில் வந்து மோதுகிறது, அதனால் ஊளையிடுகிறது. பழைய பெட்டியுள்ள எம்ஜிபியில் முதல் கியரும் ரிவர்ஸும் ஏற்கெனவே நேர்ப்பற்கள்தாம். அந்த ஊளையை இரண்டாம், மூன்றாம் கியர்களிலும் கேட்டபடி மோட்டார்வேயில் இரண்டு மணி நேரம் வருவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டாப் கியரில் விசை நேராகப் போவதால் சத்தம் குறையும். இருந்தாலும் எப்போதும் சுழலும் லே ஷாஃப்ட் (பெட்டிக்குள் மெயின் ஷாஃப்டுக்கு இணையான தண்டு) பற்கள் அடியில் முனகிக்கொண்டே இருக்கும்.

டாக் கியர் முற்றிலும் வேறு விஷயம். நேர்ப்பல், சாய்பல் என்பது விசையைக் கடத்தும் பற்களின் வடிவம். டாக் என்பது கியரைத் தண்டோடு கோக்கும் முறை. சாதாரணப் பெட்டியில் பித்தளைக் கூம்பு வளையம் ஒன்று உராய்ந்து, இரு பக்க வேகங்களையும் சமப்படுத்திய பிறகே கோக்க அனுமதிக்கிறது. டாக் முறையில் அந்த வளையமே கிடையாது; இடையில் அகன்ற வெளி விட்டு அமைந்த சில தடித்த கொக்கிகள் நேரடியாகப் பாய்ந்து கோத்துக்கொள்கின்றன. சாய்பல் கியர்களுக்கும் டாக் கோப்பு இருக்கலாம், நேர்ப்பல் கியர்களுக்கும் சிங்க்ரோ இருக்கலாம்.

டாக் பெட்டியை மென்மையாகக் கையாளக் கூடாது. இது கேட்பதற்கு விநோதமாக இருக்கும். மேலே மாற்றும்போது ஆக்சிலரேட்டரை ஒரு கணம் தளர்த்தி, லீவரைத் தயங்காமல் ஒரே வீச்சில் நகர்த்த வேண்டும். தயங்கினால் கொக்கிகளின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று தட்டித் தட்டி உருண்டுபோகும். உருண்ட கொக்கி சுமை ஏறும்போது கியரை வெளியே துப்பும். கீழே மாற்றும்போது பிரேக்கில் நுனிக்காலை வைத்தபடி அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டிச் சுற்றை உயர்த்தியாக வேண்டும். நானும் என் முதல் டாக் பெட்டியைப் பழைய பழக்கத்தில் வெண்ணெயைத் தடவுவது போல மெல்ல மெல்ல மாற்றி ஓட்டி, ஒரே பருவத்தில் மூன்றாம் கியரின் கொக்கிகளைக் கூழாங்கற்களாக்கியிருக்கிறேன். பெட்டியைத் திறந்த மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் தேய்ந்த அந்தக் கொக்கி வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

சாலையிலும் ஓட்டுகிறவர் என்பதால் உங்களுக்கு என் பரிந்துரை: நெருக்கமான விகிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள், சிங்க்ரோவை விட்டுவிடாதீர்கள். போக்குவரத்து நெரிசலில் டாக் பெட்டி உங்களையும் வருத்தும், தன்னையும் தேய்த்துக்கொள்ளும்.

கேள்வி: என் கணவரின் எம்ஜிபியில் ஃபோர்டு சியராவின் ஐந்து வேக டைப் 9 பெட்டியைப் பொருத்த எண்ணுகிறோம். ஐந்து கியர் இருந்தால் தடத்திலும் வேகம் கூடும் அல்லவா? பழைய கார் பந்தயங்களில் இதை அனுமதிப்பார்களா?
— வாசகி, பர்மிங்ஹாம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், அதுதான் முடிவைத் தீர்மானிக்கும். உலக மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பின் இணைப்பு கே விதிகளின்படி நடக்கும் பழைய கார் பந்தயங்களில், அந்தந்தக் கார் தன் காலத்தில் எந்த அமைப்போடு பந்தயத்தில் ஓடியதோ அந்த அமைப்பிலேயே இருக்க வேண்டும். காருக்கென வழங்கப்படும் வரலாற்றுத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டில் கியர் விகிதங்களும் ஆக்சில் விகிதங்களும் பதிவாகியிருக்கும். அவை அக்கால ஹோமலகேஷன் (பந்தயத்துக்கான அங்கீகாரம்) படிவத்தோடு ஒத்துப்போக வேண்டும். 1965ஆம் ஆண்டின் எம்ஜிபிக்குள் 1980களின் சியராப் பெட்டி அங்கே செல்லாது. கிளப் அளவிலான தொடர்களில் சில தாராளமாக நடந்துகொள்ளும். ஆனால் ஒவ்வொரு தொடருக்கும் தனி விதிநூல் உண்டு, அதை வாங்கிப் படித்த பிறகே காசோலையில் கையெழுத்திடுங்கள்.

விதியின் தொல்லை இல்லாமல், தட நாட்களில் மகிழ்ச்சிக்காக மட்டும் ஓட்டுவதென்றால் கதை மாறுகிறது. இரண்டு லிட்டர் சியராவில் வந்த டைப் 9 பெட்டியின் விகிதங்கள் 3.65, 1.97, 1.37, 1.00, 0.82. எம்ஜிபியின் பழைய பெட்டியோடு ஒப்பிட்டால் முதல், மூன்றாம், நான்காம் கியர்கள் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கின்றன. இரண்டாம் கியர் மட்டும் 2.21லிருந்து 1.97க்கு உயர்ந்திருக்கிறது. அதனால் லெஸ்டர் வாசகரை வதைத்த அந்த இரண்டு–மூன்று பள்ளம் 0.62லிருந்து 0.70 ஆகச் சுருங்கிவிடுகிறது! பந்தயப் பெட்டி விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அதற்கு விலையாக முதலுக்கும் இரண்டுக்கும் இடையே 0.54 என்ற பெரும் பள்ளம் விழுகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் பந்தயம் இல்லையென்றால் அது உங்களை உறுத்தாது.

வேகம் கூடுமா என்றால், ஐந்தாம் கியரால் கூடாது. அது 0.82; தடத்தில் அதை நீங்கள் தொடவே மாட்டீர்கள். வீடு திரும்பும்போது மணிக்கு 70 மைல் வேகத்தில் எஞ்சின் 3,900 சுற்றுக்குப் பதிலாக 3,200இல் அமைதியாக ஓடும், அவ்வளவே. ஆனால் உங்கள் காரில் லேகாக் ஓவர்டிரைவ் (பெட்டியின் பின்னால் கூடுதல் உயரமான கியரைத் தரும் துணை அமைப்பு) இருக்குமானால், அதன் 0.80 விகிதம் அந்த அமைதியை ஏற்கெனவே தந்துகொண்டிருக்கிறது. அப்படியானால் இந்தச் செலவு இரண்டாம் கியர் ஒன்றுக்காக மட்டும் என்று ஆகிறது. வாங்கும் முன் கணவரிடம் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: ஓவர்டிரைவைப் பந்தயக் காரில் வைத்திருக்கலாமா, கழற்றிவிடலாமா?
— வாசகர், ரீடிங்

பதில்: குறும்பந்தயத்துக்குக் கழற்றலாம், எடை குறையும், கெட்டுப்போகக்கூடிய ஒரு பொருளும் குறையும். மூன்றாம் கியரில் ஓவர்டிரைவைப் போட்டால் 1.10 என்று ஓர் இடைக் கியர் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். காகிதத்தில் கவர்ச்சியானது. ஆனால் அங்கே விசையைத் தாங்குவது எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் ஒரு கூம்புக் கிளட்ச். பலம் கூட்டிய எஞ்சினின் முழு இழுப்பைத் தடத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் ஏற்றினால் வழுக்கத் தொடங்கும். ஓவர்டிரைவ் பெட்டியின் மெயின் ஷாஃப்ட் வேறு என்பதால், வெறுமனே அவிழ்த்துப் போட்டுவிட முடியாது. பெட்டியை அடிவரை பிரிக்க வேண்டிவரும். எனவே பெட்டியை வேறு காரணத்துக்காகத் திறக்கும் நாள் வரும்வரை, ஸ்விட்சை மட்டும் தொடாமல் ஓட்டுங்கள்.

கேள்வி: எம்ஜிபிக்கு சீக்வென்ஷியல் பெட்டி (கியர்களை வரிசைப்படியே மாற்றும் நவீனப் பந்தயப் பெட்டி) போடலாமா?
— வாசகர், குரோய்டன்

பதில்: போடலாம். அதன்பின் பழைய கார் பந்தயங்களைப் பார்வையாளர் மேடையிலிருந்து பார்க்கலாம்.

கேள்வி: நெருக்கமான விகிதப் பெட்டி வாங்கியாயிற்று, இந்தக் குளிர்காலத்தில் பொருத்தப்போகிறோம். கூடவே எவற்றைச் செய்துவிட வேண்டும்? எந்த எண்ணெய் ஊற்றுவது? கடையில் கனமான கியர் ஆயிலைத்தான் தருகிறார்கள்.
— வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது. எம்ஜிபியின் அசல் பெட்டிக்குத் தொழிற்சாலை விதித்தது எஞ்சின் ஆயில்தான். 20டபிள்யூ-50 வகை பொருந்தும். டிஃபரன்ஷியலுக்கான கியர் ஆயிலில் அதிக அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் சேர்க்கப்படும் கந்தகக் கூட்டுப்பொருள்கள் சில, பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். அந்த எண்ணெயின் வழுக்கல் காரணமாக வளையங்கள் பிடிப்பை இழந்து, கியர் கரகரவென்று விழவும் தொடங்கும். ஓவர்டிரைவ் அதே எண்ணெயைப் பெட்டியோடு பகிர்ந்துகொள்வதால் அதன் கூம்புக் கிளட்சும் வழுக்கும். புதிய நேர்ப்பல் தொகுதிக்கு அதைச் செய்தவர் வேறு எண்ணெயை விதித்திருந்தால் அவர் சொல்லே இறுதியானது.

எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் அடியிலிருந்து இறக்க முடியாது. எஞ்சினும் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே அந்த ஒரே வேலையில் அடுத்த இரண்டாண்டுகளுக்கான வேலையையும் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். முதலில் கிளட்சின் ரிலீஸ் பேரிங். அசல் காரில் அது உருளைகள் உள்ள பேரிங்கே அல்ல; ஒரு கார்பன் வளையம், அழுத்தும்போது உராய்ந்து தேய்வது. நெருக்கமான தொகுதியில் முதல் கியர் உயரமானது. லெஸ்டர் வாசகருக்குச் சொன்ன உதாரணத்தில், ஆக்சிலைத் தாழ்த்திய பிறகும் கிளம்பும் இழுப்பு அசலைவிடக் கால்பங்கு குறைவு. எனவே தொடக்கக் கோட்டில் சுற்றை ஏற்றி, கிளட்சைச் சற்றே வழுக்கவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். சிவப்பு விளக்கு அணையக் காத்திருக்கும் நேரமெல்லாம் மிதியை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தக் கார்பன் விரைவில் தீர்ந்துவிடும். உருளை வகை பேரிங்குக்கு மாறுங்கள், அல்லது கடைசிக் கணம் வரை நியூட்ரலில் நிற்கப் பழகுங்கள். இரண்டையும் செய்தால் மேலும் நல்லது.

அடுத்தது ஃப்ளைவீல். அசல் வார்ப்பிரும்புச் சக்கரத்தைக் கடைந்து இலேசாக்கி, 6,800 சுற்றில் சுழலவிடும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. எஃகில் செய்த புதிய சக்கரம் வாங்குங்கள். அந்தச் சக்கரம் உங்கள் முழங்கால்களுக்கு நேராக, மெல்லிய தகடு ஒன்றுக்கு அப்பால் சுழல்கிறது; சிதறினால் காக்கும் கவசத்தை பெல்ஹவுசிங்கைச் (ஃப்ளைவீலையும் கிளட்சையும் மூடும் உறையை) சுற்றிப் பூட்டுங்கள். புரொபெல்லர் ஷாஃப்டைச் சுற்றி ஒரு எஃகு வளையமும் அவசியம்.

கியர்களைக் கோக்கும்போது ஒவ்வொரு கியருக்கும் பக்கவாட்டு ஆட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். கியர்களைக் கோப்புக்குத் தள்ளும் செலக்டர் கவைகளின் முனைகள் தேய்ந்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். புதுக் கியர் வெளியே துள்ளுவதற்குப் பெரும்பாலும் பழைய கவையே காரணம். பெட்டியில் ஒரு காந்த வடிகால் திருகு போட்டு, முதல் தட நாள் முடிந்ததும் எண்ணெயை வடித்து அந்தத் திருகைப் பாருங்கள். கூழ் போன்ற சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தால் அது புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகுவது, கவலை வேண்டாம். விரல் நுனியில் உறுத்தும்படி செதில் ஒன்று இருந்தாலும் அடுத்த தட நாளை ரத்துசெய்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள்.